பழைய ஜீப்புக்குப் புதிய உள்கூரை

ஜீப் நமக்குத் தெரிந்த வண்டிதான். மலை ஊர்களில் ஜீப்தான் பஸ். ஜீப்தான் சரக்கு வண்டி. அவசரத்துக்கு ஜீப்தான் ஆம்புலன்ஸ்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் ராணுவத்துக்காக ஜீப்பைச் செய்தார்கள். 1940-களின் கடைசியில் மகிந்திரா நிறுவனம் மும்பையில் ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கியது. பிறகு பல வகை ஜீப்கள் வந்தன. முப்பது, நாற்பது ஆண்டு ஆன ஜீப்கள் இன்றும் ஓடுகின்றன.

கேரளத்தில் மூணாறு என்ற மலை ஊர் இருக்கிறது. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். அங்கே வேலை செய்கிறவர்களில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. லயத்திலிருந்து கடைவீதிக்கு வர அவர்களுக்கு ஜீப் வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே தென்மேற்குப் பருவமழை கொட்டும். அந்த மழையிலும் ஜீப் ஓட வேண்டும்.

சில ஜீப்களுக்குத் துணி டாப் இருக்கும். சிலவற்றுக்கு இரும்புத் தகரக் கூரை இருக்கும். தகரக் கூரையின் உள்பக்கம் ஓர் அட்டை இருக்கும். அட்டையின் மேல் ரெக்சின் ஒட்டியிருக்கும். அதுதான் உள்கூரை. இது அழகுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. உள்கூரை வெயிலைத் தடுக்கிறது. சத்தத்தைக் குறைக்கிறது. குளிர்காலத்தில் நம் மூச்சுக் காற்றின் ஈரம் தகரத்தில் பட்டுச் சொட்டாகும். அந்தச் சொட்டு தலையில் விழாமலும் அது காக்கிறது.

பழைய உள்கூரையை எடுத்துவிட்டுப் புதியது போடுவது எப்படி? சத்தத்தைக் குறைப்பது எப்படி? இந்தப் பாடத்தில் படிப்போம்.

குஷன் கடையில்

ஓர் ஓட்டுநர் தம் ஜீப்பைக் குஷன் கடைக்குக் கொண்டு வருகிறார். அவர்கள் பேசுவதைப் படியுங்கள்.

ஓட்டுநர்: அண்ணே, உள்ளே ரெக்சின் பிஞ்சு தலையில இடிக்குது. நாளைக்குள்ள ஒட்டிக் கொடுத்துடுங்க.

கடைக்காரர்: ஒட்டலாம் தம்பி. எத்தனை வருஷமா இந்த வண்டியை ஓட்டுறீங்க?

ஓட்டுநர்: என்ன சொன்னீங்க?

கடைக்காரர்: எத்தனை வருஷமா ஓட்டுறீங்கன்னு கேட்டேன்.

ஓட்டுநர்: பதினெட்டு வருஷம் ஆச்சுண்ணே.

கடைக்காரர்: இந்த மூலையில கறை இருக்கே, பார்த்தீங்களா?

ஓட்டுநர்: போன மழையிலயே பார்த்தேன். புதுசு போட்டா மறைஞ்சிடும்ல?

கடைக்காரர்: கறை மறையும். ஒழுக்கு மறையாது. முதல்ல அட்டையைக் கழட்டிப் பார்ப்போம்.

அட்டையைக் கழற்றினார்கள். மூலையில் தகரம் செம்மண் நிறத்தில் இருந்தது. கடைக்காரர் திருப்புளியால் லேசாகக் குத்தினார். தகரம் உதிர்ந்தது. ஓட்டை வழியாக வெளிச்சம் தெரிந்தது.

ஓட்டுநர்: ஐயோ! இவ்வளவு அரிச்சிருக்கா?

கடைக்காரர்: உள்ள வச்சிருந்த ஸ்பாஞ்சு தண்ணியைக் குடிச்சு வச்சிருக்கு. மழை விட்டாலும் ஈரம் காயலை. மேலே புது ரெக்சின் ஒட்டினா அழகா இருக்கும். ஆனா இன்னும் ரெண்டு மழையில கூரையே போயிடும்.

ஓட்டுநர்: மூணு நாள் வண்டி நின்னா சவாரி போயிடுமேண்ணே.

கடைக்காரர்: இப்ப நின்னா மூணு நாள் வருமானம் போகும். கூரைத் தகரத்தையே மாத்தணும்னா எத்தனை நாள் நிக்கும்? யோசிங்க.

ஓட்டுநர்: சரிண்ணே. ஒழுக்கை அடைச்சிட்டே போடுங்க.

கடைக்காரர்: இன்னொண்ணு தம்பி. நான் கேக்குறது உங்களுக்கு முதல் தடவை கேக்கலை. காதையும் ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டுங்க.

காதுக்கு என்ன ஆகிறது?

கடைக்காரர் ஏன் அப்படிச் சொன்னார்?

நம் காதுக்குள்ளே மிக நுண்ணிய மயிர் போன்ற உறுப்புகள் உள்ளன. சத்தம் வரும்போது அவை அசையும். அதனால்தான் நமக்குக் கேட்கிறது. பெரிய சத்தம் பல ஆண்டுகள் விடாமல் பட்டால் அவை அழிந்துவிடும். அழிந்தவை மறுபடி முளைப்பதில்லை. போன காது மருந்தால் திரும்புவதில்லை.

சத்தத்தை டெசிபல் என்ற அளவால் அளக்கிறார்கள். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று வல்லுநர்கள் சொல்கிறார்கள். சத்தம் 3 டெசிபல் கூடினால் நேரத்தைப் பாதியாக்க வேண்டும்.

85 டெசிபல் என்றால் 8 மணி நேரம்.
88 டெசிபல் என்றால் 4 மணி நேரம்.
91 டெசிபல் என்றால் 2 மணி நேரம்.

அளக்கக் கருவி இல்லையா? ஒரு சோதனை செய்யுங்கள். வண்டி ஓடும்போது பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் பேசுங்கள். கத்தினால்தான் அவருக்குக் கேட்கிறதா? அப்படியானால் அந்தச் சத்தம் காதுக்கு ஆகாது. வண்டியை விட்டு இறங்கிய பிறகும் காதில் 'ஙொய்' என்று கேட்கிறதா? அது எச்சரிக்கை.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

ஓர் எவர்சில்வர் தட்டை எடுங்கள். கரண்டியால் தட்டுங்கள். 'டங்' என்று நீண்ட நேரம் ஒலிக்கும். இப்போது தட்டின் நடுவில் உள்ளங்கையை வைத்துத் தட்டுங்கள். 'டக்' என்று ஒலி நின்றுவிடும். தட்டு அதிர்வதை உங்கள் கை தடுக்கிறது.

ஜீப்பின் கூரையும் அந்தத் தட்டு மாதிரிதான். எஞ்சின் அதிர்ச்சி, ரோட்டின் குலுக்கல், மழைத்துளி எல்லாம் கூரையைத் தட்டுகின்றன. கூரை முழங்குகிறது. கை செய்த வேலையைச் செய்ய ஒரு ஷீட் இருக்கிறது. அது பிசின் போன்ற ரப்பர் ஷீட். ஒரு பக்கம் ஒட்டும். மறுபக்கம் வெள்ளித்தாள் இருக்கும். இதை அதிர்வுத் தடுப்பு ஷீட் என்று சொல்வோம்.

ஆனால் எல்லாச் சத்தமும் கூரையிலிருந்து வருவதில்லை. ஷீட் வாங்கும் முன் இவற்றைப் பாருங்கள்.

சைலன்சரில் ஓட்டை இருக்கிறதா?
எஞ்சினைத் தாங்கும் ரப்பர் நைந்துவிட்டதா?
கதவு ரப்பர் கிழிந்திருக்கிறதா?
எந்த போல்ட்டாவது லூசாக இருக்கிறதா?
கியர் லீவர் நுழையும் இடத்தில் ரப்பர் உறை இருக்கிறதா?

இவற்றை முதலில் சரி செய்யுங்கள். செலவு குறைவு. பலன் அதிகம்.

சைலன்சர் ஓட்டை சத்தத்தை மட்டும் தருவதில்லை. அதன் வழியாகக் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுக் காற்று வண்டிக்குள் வரும். அதற்கு நிறமில்லை. மணமில்லை. உள்ளே இருப்பவருக்குத் தலைவலி வரும், மயக்கம் வரும். உயிரும் போகலாம். குளிருக்காகக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கவே கூடாது.

எந்தப் பொருள் நல்லது?

உள்கூரைக்குள் எதை வைக்கலாம்? எதை வைக்கக் கூடாது?

சாக்கு, பஞ்சு, சாதாரண ஸ்பாஞ்சு ஆகியவை தண்ணீரைக் குடிக்கும். தகரம் துருப்பிடிக்கும். தெர்மோகோல் எளிதில் தீப்பிடிக்கும். இவை வேண்டாம்.

ஏ.சி. குழாயின் மேல் கறுப்பு ரப்பர் ஃபோம் சுற்றியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே ஃபோம் ஷீட்டாகவும் கிடைக்கும். அது தண்ணீரைக் குடிக்காது. வெயிலையும் தடுக்கும். தீயைத் தாங்கும் வகை எது என்று கேட்டு வாங்குங்கள்.

ஃபோம் தண்ணீர் குடிக்குமா என்று நீங்களே பார்க்கலாம். ஒரு சிறு துண்டைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் அமுக்கி வையுங்கள். எடுத்து வெளிப்பக்கம் துடையுங்கள். பிறகு பிழியுங்கள். தண்ணீர் வந்தால் அந்த ஃபோம் வேண்டாம்.

தார் ஷீட் விலை குறைவு. ஆனால் வெயிலில் இளகும். கூரையில் ஒட்டினால் நாளடைவில் கழன்று தொங்கும். கூரைக்கு அது வேண்டாம்.

வேலையைத் தொடங்குவோம்

தேவையான பொருள்கள்: திருப்புளி, கம்பி பிரஷ், உப்புத்தாள், ரெட் ஆக்ஸைடு பிரைமர், பெயிண்ட், சீலண்ட், அதிர்வுத் தடுப்பு ஷீட், ரப்பர் ஃபோம், அட்டை, ரெக்சின், ரெக்சின் ஒட்டும் சொல்யூஷன், கத்தரிக்கோல், அளவு டேப், மூக்கை மூடும் முகக்கவசம், கண்ணாடி.

1. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். கூரை விளக்கின் ஒயரில் மின்சாரம் இருக்கக் கூடாது.

2. கூரை விளக்கு, பீடிங், ஸ்குரூ எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். எது எங்கே இருந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். எழுதி வைத்தால் திரும்பப் பூட்டும்போது தேட வேண்டாம்.

3. பழைய அட்டையை உடைக்காமல் இறக்குங்கள். புதிய அட்டையை வெட்ட அதுதான் மாதிரி. முன்பக்கம் எது என்று அதன் மேல் எழுதுங்கள்.

4. முகக்கவசமும் கண்ணாடியும் போடுங்கள். பழைய ஃபோம் மாவு போல உதிரும். அதைத் துடைத்து எடுங்கள். பழைய பசையைச் சுரண்டுங்கள்.

5. கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேயுங்கள். பிறகு உப்புத்தாள் போடுங்கள். ஓட்டை இருந்தால் டிங்கரிங் கடையில் வெல்டிங் வைத்து அடையுங்கள். வெல்டிங்கை ஃபோம் ஒட்டும் முன்பே முடிக்க வேண்டும். ஒட்டிய பிறகு வெல்டிங் வைத்தால் தீப்பிடிக்கும்.

6. ரெட் ஆக்ஸைடு பூசுங்கள். காய்ந்ததும் பெயிண்ட் பூசுங்கள். தகர இணைப்புகளில் வெளிப்பக்கம் சீலண்ட் வையுங்கள்.

7. சீலண்ட் நன்றாகக் காயட்டும். பிறகு கூரை மேல் பத்து நிமிடம் தண்ணீர் விடுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஒரு சொட்டு வந்தாலும் மறுபடி அடையுங்கள். ஒழுக்கு நின்ற பிறகுதான் அடுத்த வேலை.

8. உள்பக்கத் தகரத்தை ஈரமும் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் இல்லாமல் துடையுங்கள். அதிர்வுத் தடுப்பு ஷீட்டைத் தகரத்தின் நடுப்பகுதியில் ஒட்டுங்கள். சிறு உருளையால் அழுத்தித் தேயுங்கள். இடையில் காற்று நிற்கக் கூடாது. கூரை முழுவதும் ஒட்ட வேண்டாம். பாதி இடம் போதும். கையை நடுவில் வைத்தாலே தட்டு அடங்கியது அல்லவா? கூரையில் பாரம் கூடினால் மலை வளைவில் வண்டி அதிகமாகச் சாயும்.

9. அதன் மேல் ரப்பர் ஃபோமை ஒட்டுங்கள். விளக்கின் ஒயரை ஃபோமுக்கும் தகரத்துக்கும் நடுவில் நசுங்க விடாதீர்கள். தகரத் துளை வழியாகப் போகும் ஒயருக்கு ரப்பர் வளையம் போடுங்கள். வளையம் இல்லாவிட்டால் தகரத்தின் விளிம்பு ஒயரை அறுக்கும். தீப்பொறி பறக்கும்.

10. புதிய அட்டையை வெட்டுங்கள். தண்ணீரில் ஊறாத பிளாஸ்டிக் அல்லது ஃபைபர் அட்டை நல்லது. அட்டையிலும் ரெக்சினிலும் சொல்யூஷன் பூசுங்கள். உடனே ஒட்டாதீர்கள். டப்பாவில் எழுதியிருக்கும் நேரம் வரை காத்திருங்கள். பெரும்பாலும் பத்து, பதினைந்து நிமிடம் ஆகும். விரலால் தொட்டால் பசை விரலில் வரக் கூடாது. அப்போது நடுவில் தொடங்கி ஓரத்தை நோக்கி ஒட்டிக்கொண்டே போங்கள். சுருக்கம் விழாது.

11. ஓரத்து ரெக்சினை அட்டையின் பின்பக்கம் மடித்து ஒட்டுங்கள். அட்டையைக் கூரையில் வைத்து ஸ்குரூ போடுங்கள். பீடிங்கையும் விளக்கையும் மாட்டுங்கள். கடைசியாகப் பேட்டரி ஒயரை மாட்டுங்கள்.

தரையை மறக்கக் கூடாது

கூரையைவிடத் தரையிலும் எஞ்சின் பக்கத்துத் தகரத்திலும்தான் சத்தம் அதிகம் நுழையும். அங்கேயும் அதிர்வுத் தடுப்பு ஷீட் ஒட்டி, மேலே ரப்பர் மேட் போடலாம்.

தரையில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கும். அவற்றை அடைக்காதீர்கள். மழையில் நனைந்தவர்கள் ஏறுவார்கள். அந்தத் தண்ணீர் வெளியே போக வழி வேண்டும். சைலன்சர் குழாய் போகும் இடத்துக்கு அருகில் ஃபோம் ஒட்டாதீர்கள். அங்கே சூடு அதிகம்.

பழைய வண்டிகளில் சைலன்சர் அருகே சாம்பல் நிறத் தாளோ கயிறோ சுற்றியிருக்கலாம். அது கல்நாராக இருக்கலாம். ஆஸ்பெஸ்டாஸ் என்பதும் அதுதான். அதைச் சுரண்டாதீர்கள். அதன் தூசி நுரையீரலில் தங்கும். பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வரலாம். விவரம் தெரிந்தவரைக் கேட்காமல் அதில் கை வைக்க வேண்டாம்.

டப்பாவைப் படியுங்கள்

சொல்யூஷன் டப்பாவில் தீச்சுடர் படம் இருக்கும். எளிதில் தீப்பற்றும் என்று அதற்குப் பொருள். பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. அதன் ஆவி தலையைச் சுற்றும். எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். அட்டைக்கு ரெக்சின் ஒட்டுவதை வண்டிக்கு வெளியே செய்யுங்கள். சிறுவர்களைப் பக்கத்தில் விடாதீர்கள்.

டப்பாவில் தயாரித்த தேதியும் பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதியும் இருக்கும். அதையும் படித்து வாங்குங்கள். பழைய சொல்யூஷன் சரியாகப் பிடிக்காது.

கணக்குப் போடுவோம்

ஒரு ஜீப்பின் கூரை நீளம் 180 செ.மீ. அகலம் 120 செ.மீ. உள்கூரை இரண்டு அட்டைகளாக இருக்கிறது. ஓர் அட்டையின் நீளம் 90 செ.மீ.

ரெக்சின் 54 அங்குல அகலத்தில் கிடைக்கும். அது ஏறக்குறைய 137 செ.மீ. ஆகவே அகலம் போதும். நீளத்தில் மடிப்புக்கு ஒவ்வொரு பக்கமும் 8 செ.மீ. விட வேண்டும்.

ஓர் அட்டைக்கு: 90 + 8 + 8 = 106 செ.மீ.
இரண்டு அட்டைக்கு: 106 + 106 = 212 செ.மீ.
வாங்க வேண்டியது: இரண்டேகால் மீட்டர்.

'இரண்டு அட்டை, ஒன்று 90 செ.மீ., மொத்தம் 180 செ.மீ., 2 மீட்டர் போதும்' என்று நினைத்தால் 12 செ.மீ. குறையும். மடிப்பையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

அதிர்வுத் தடுப்பு ஷீட்டின் கணக்கு:

கூரையின் பரப்பு: 1.80 × 1.20 = 2.16 சதுர மீட்டர்.
அதில் பாதி: 1.08 சதுர மீட்டர்.

2 மி.மீ. தடிமன் உள்ள ஷீட் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 3 கிலோ இருக்கும். ஆகவே கூரையில் ஏறக்குறைய மூன்றேகால் கிலோ பாரம் கூடும். முழுக் கூரைக்கும் ஒட்டினால் ஆறரைக் கிலோ ஆகும்.

இந்தக் கணக்கைப் போட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். வாங்கியதும் பில்லைக் கேளுங்கள். அளவும் விலையும் சரியா என்று நீங்களே படித்துப் பாருங்கள்.

தெரிந்துகொள்வோம்

உள்கூரை மாற்றினால் ஜீப் கார் போல அமைதியாகிவிடாது. ஆனால் முழக்கம் குறையும். கத்தாமல் பேச முடியும். மாலையில் தலைவலி குறையும்.

துணி டாப்பை எடுத்துவிட்டு இரும்புக் கூரை போட நினைக்கிறீர்களா? அது வேறு வேலை. வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்காமல் செய்யக் கூடாது.

புதிய சொற்கள்

உள்கூரை – கூரைத் தகரத்தின் உள்பக்கம் மாட்டும் அட்டையும் ரெக்சினும்
அதிர்வு – நடுக்கம்
டெசிபல் – சத்தத்தை அளக்கும் அளவு
சீலண்ட் – இடுக்கை அடைக்கும் பசை
கல்நார் – ஆஸ்பெஸ்டாஸ்

பயிற்சி

1. உள்கூரையால் என்ன பயன்? மூன்று எழுதுங்கள்.

2. சரியா, தவறா?
அ) ஸ்பாஞ்சு தண்ணீரைக் குடிக்காது.
ஆ) ஃபோம் ஒட்டும் முன்பே வெல்டிங்கை முடிக்க வேண்டும்.
இ) தரைத் துளைகளை அடைக்க வேண்டும்.

3. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.
88 டெசிபல் சத்தத்தில் ____ மணி நேரம் இருக்கலாம்.

4. ஒரு ஜீப்பின் உள்கூரை இரண்டு அட்டைகள். ஒன்றின் நீளம் 80 செ.மீ. மடிப்பு ஒவ்வொரு பக்கமும் 8 செ.மீ. எத்தனை செ.மீ. ரெக்சின் வேண்டும்?

5. குஷன் கடைக்காரர் ஏன் உடனே ரெக்சின் ஒட்டித் தரவில்லை? குழுவில் பேசுங்கள்.

6. உங்கள் ஊரில் சத்தத்தில் வேலை செய்கிறவர்கள் யார் யார்? தறி ஓட்டுபவர், மாவு மில் நடத்துபவர், கல் உடைப்பவர் என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். அவர்களில் ஒருவரிடம் இந்தப் பாடத்தைப் படித்துக் காட்டுங்கள்.